மேசைமேல் ஒரு மலை ரயில்

பர்லியார் வழியாகக் குன்னூருக்குப் பேருந்தில் செல்வோர், பாக்கும் மங்குஸ்தானும் அடர்ந்த பள்ளத்தாக்கைக் கடந்து வரும் ரயிலின் கூவலைக் கேட்பதுண்டு. நீலகிரி மலை ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. 2005இல் உலக மரபுச் சின்னமாயிற்று.

அதனை 87இல் ஒரு பங்காகச் சுருக்கி மேசைமேல் அமைக்க முனைவோர் முதலில் எதிர்கொள்வது கணக்கையே. 46 கிலோமீட்டர் பாதை, சுருங்கிய பின்னும் ஏறத்தாழ 530 மீட்டர் நீளும். எந்த வீட்டிலும் அதற்கு இடமில்லை. எனவே, எதை வைப்பது, எதை விடுவது என்னும் தேர்விலேயே மாதிரிக் கலையின் உயிர் இருக்கிறது.

தேயிலைச் சரிவுகள் சிலவற்றை விடலாம். பற்சட்டத்தை விட இயலாது. கல்லாறு முதல் குன்னூர் வரை, பன்னிரண்டு அடிக்கு ஏறத்தாழ ஓர் அடி உயரும் இடங்களில் வழுவழுப்பான தண்டவாளம் மட்டும் பிடிதராது. நடுவே பதித்த பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொள்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. நிலக்கரிக்குப் பெயர்பெற்ற வேல்ஸ் நாட்டில், 1896இல் திறக்கப்பட்ட ஸ்னோடன் மலைப்பாதையும் இம்முறையினதே.

ஏற்றத்தில் எஞ்சின் பின்னின்று தள்ளுகிறது. பெட்டி கழன்றாலும் அதுவே தாங்கும். மாதிரியில் அதை முன்னே பூட்டினால் அழகாகத் தோன்றலாம். ஆனால், அது பொய்யாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பெட்டியின் முகப்பு மேடையிலும் பிரேக் இயக்கும் ஊழியர் ஒருவர், கொடியுடன் பாதையை நோக்கியபடி இருக்கிறார். மாதிரியில் அவர் உயரம் இரண்டு சென்டிமீட்டர்தான். அவரை விட்டுவிட்டாலும் மேசைமேல் ரயில் ஓடும், மலையில் ஓடாது.