முதலில் பிரேக், பிறகு எஞ்சின்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து வடக்கே பான்டியாக் வரை போகிறது உட்வர்ட் அவென்யூ. அதன் இருபுறமும் உள்ள புறநகர்த் தெருக்களில், வீட்டை ஒட்டிய கராஜ்களில் 1960களின் ‘மசில் கார்’கள் மறுபடி ஓடத் தயாராகின்றன. நடுத்தர உடல், அதற்குள் ஒரு பெரிய வி8 எஞ்சின், சம்பளக்காரரும் எட்டிப்பிடிக்கக்கூடிய விலை: மசில் கார் என்பது இவ்வளவுதான். 1995இல் தொடங்கிய ‘ட்ரீம் குரூஸ்’ ஆகஸ்ட் மாதத்தில் இந்தச் சாலையை இவற்றால் நிரப்பிவிடுகிறது. இந்தக் கராஜ்களில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. ஆலையிலிருந்து வந்தபடியே வண்டியை மீட்பதா, இன்றைய பாகங்களைப் போட்டு மாற்றுவதா? மாற்றுவது குற்றமல்ல என்பதே நான் பார்த்த வேலைகளிலிருந்து எனக்குப் படுவது. எதை மாற்றுகிறோம், எந்த வரிசையில் மாற்றுகிறோம் என்பதில்தான் இந்தத் தொழிலின் நாணயம் இருக்கிறது.

வேலையின் பெரும்பகுதி எஞ்சினில் இல்லை, துருவில் இருக்கிறது. மிச்சிகனில் பனிக்காலச் சாலைகளில் கொட்டும் உப்பு காரின் அடித்தகட்டைத் தின்றுவிடுகிறது. ஆரம்பகால மஸ்டாங் காரில் முன்கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் அறை உள்ளிருந்தே அரித்து, மழைநீரைக் கால்வைக்கும் இடத்தில் இறக்கும். அந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத்தகடும் உடலின் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே, பழைய தகட்டை வெட்டுமுன் கதவு நிலைகளுக்கு இடையே இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுக்கிறார்கள். கொடுக்காவிட்டால் உடல் கோணி, பிறகு கதவு சரியாக மூடாது. புதுத் தகட்டை ஒரே இழுப்பாக வெல்டிங் செய்தால் சூட்டில் நெளியும். அதனால் இங்கே ஒரு புள்ளி, எதிர்முனையில் ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டு இணைக்கிறார்கள். இதையெல்லாம் தவிர்த்து, ஓட்டையின் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பவர்களும் உண்டு. பளபளப்பில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இத்தனை தகடு மாறிய வண்டியை ‘அசல்’ என்று எந்தக் கணக்கில் சொல்வது? தூய்மைவாதியின் காரிலும் தரை புதியதுதான்.

ஆலையும் அந்தத் தூய்மையைப் பேணவில்லை. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் அன்றைய விதி. 1964 மாடலுக்காக ஜான் டிலோரியன் முதலிய, அந்நிறுவனத்தின் பான்டியாக் பிரிவுப் பொறியாளர்கள் 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் காரில் ஏற்றினார்கள். தனி மாடல் என்று சொல்லாமல், கூடுதல் வசதித் தொகுப்பு என்று பட்டியலில் போட்டு விதியைத் தாண்டினார்கள். ஜி.டி.ஓ. என்ற அந்தத் தொகுப்பு முதல் ஆண்டிலேயே 32,450 விற்றது. பெரிய காரின் எஞ்சினைச் சின்னக் காருக்குள் வைத்ததில் பிறந்த வகை இது. அதில் இன்னொரு எஞ்சினை வைப்பது அதன் மரபுக்கு விரோதமாகாது.

வரலாற்றுச் சான்று அழிந்துபோகுமே என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அது எல்லா வண்டிக்கும் ஒரே அளவில் பொருந்தாது. மஸ்டாங் வந்த இரண்டே ஆண்டுகளுக்குள் பத்து லட்சத்தைத் தாண்டியது. அதில் ஆறு சிலிண்டர் வண்டி ஒன்றை மாற்றினால் வரலாறு எதையும் இழக்காது. 426 ஹெமி எஞ்சினோடு வந்த 1971 பிளைமவுத் குடா கன்வெர்ட்டிபிளோ ஒரு டஜன் அளவே உருவானது. அதன் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பிரியக் கூடாது. இடைப்பட்ட வண்டிகளுக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. உடலை வெட்டாமல், போல்ட்டில் மாட்டும் பாகங்களையே போட்டு, கழற்றிய எஞ்சினை எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துகிறார்கள். பின்னால் வருபவர் விரும்பினால் பழையபடி மாட்டிக்கொள்ளலாம்.

மாற்றம் என்பது வேக வெறிக்கு இன்னொரு பெயர் என்பது அடுத்த ஆட்சேபம். இதில் பாதி உண்மை. எடுத்துக்காட்டாக, 1997 கார்வெட் காரோடு வந்த எல்எஸ்1 எஞ்சின் 345 குதிரைத்திறன் தருவது. பழைய விளம்பர எண்களோடு இதை நேராக ஒப்பிட முடியாது. 1972க்கு முன் சைலன்சர் முதலியவற்றைக் கழற்றிவிட்டு அளந்ததால், அந்த எண்கள் ஊதிப்பெருத்தவை. எல்எஸ் வம்சத்து எஞ்சினை 1967 கமாரோவில் ஏற்றிவிட்டு, அடிப்படை மாடலின் நான்கு டிரம் பிரேக்குகளை அப்படியே விடுவது ஆபத்து. 1965 மஸ்டாங்கின் ஸ்டியரிங் தண்டு மோதலில் மடங்காமல் ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி வரக்கூடியது; அதன் பெட்ரோல் டாங்கின் மேல்தகடே டிக்கியின் தரை. இந்தக் குறைகளை அசல் என்று போற்றுவதும் தவறு, அவற்றின் மேல் வேகத்தை ஏற்றுவதும் தவறு. தகடு, பிரேக், ஸ்டியரிங், டாங்க், கடைசியில் எஞ்சின் என்ற வரிசை பிசகாத கராஜில் மாற்றம் பொறுப்புள்ள வேலையாகிறது. ஆகவே இப்படியொரு காரை எடைபோட நினைப்பவர் பானட்டைத் திறக்கச் சொல்லுமுன், வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லி அடியில் பார்க்கட்டும்.