கால் பூ

அப்பா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ராட்டர்டாமில் வாங்கி வந்த டைல் ஒன்று எங்கள் வீட்டு ஷோகேஸில் நெடுநாளாக இருக்கிறது. வெள்ளைப் பரப்பு, நடுவில் நீலத்தில் ஒரு காற்றாலை, நாலு மூலையிலும் பாதியில் அறுந்த மாதிரி ஒரு பூ. எங்கள் தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவுக்கு வெளியூர்ச் சொந்தங்களுக்குக் கையால் செய்த வாழ்த்து அட்டை அனுப்ப ஆசைப்பட்டு, அந்த டைலைத் தூக்கிக்கொண்டு ஆரி வேலை செய்யும் அக்காவிடம் போனேன். பிளவுஸ் டிசைன்தான் அவருக்குத் தொழில். கிறிஸ்துமஸ் நேரத்தில் அட்டையும் செய்வார்.

டைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "நாளைக்கு வரும்போது பென்சிலை வீட்டுலயே வச்சிட்டு வாட்டி" என்றார்.

டிரேசிங் பேப்பரில் கோடு நெடுக ஊசியால் குத்தித் துளை போடுவதுதான் முதல் ஒரு வாரம் எனக்கு வேலை. அடியில் மடித்த போர்வை. ஊசி செங்குத்தாக இறங்க வேண்டும். துளைக்கும் துளைக்கும் நடுவே ஒரு கடுகு இடம். அதைவிட நெருங்கினால் தாள் கிழியும், விலகினால் வளைவு முறிந்து போகும். துணிக்கு என்றால் மண்ணெண்ணெயில் பொடி குழைத்துத் தேய்ப்பார்கள். காகிதத்தில் எண்ணெய்க் கறை விழும் என்பதால், கொட்டாங்கச்சிக் கரியை இடித்துச் சலித்து, மல் துணியில் பொட்டணம் கட்டித் தட்டினோம். ஹாலந்தில் இந்த டைல்களை வரைந்தவர்களும் இதையேதான் செய்தார்கள் என்று பிறகு படித்தபோது மேல் சிலிர்த்தது. ஊசித்துளைத் தாள், கரிப் பொட்டணம், அதன் மேல் கோபால்ட் நீலம்.

ஆடிக் காற்றில் பொடி பறக்கும் என்று கதவைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தினோம். வியர்வை சொட்டியே இரண்டு அட்டை போயிற்று.

தூரிகை பிடித்த பிறகுதான் உண்மையான கஷ்டம். டைலில் சுடாத பூச்சு நீலத்தை உடனே உறிஞ்சிவிடும், அழிக்க முடியாது. கைக்காகிதமும் அப்படித்தான். எங்கே தயங்கினேனோ அங்கே மை குளம் கட்டியது. முதலில் கறுநீலத்தில் கோடு, பிறகு தண்ணீர் கூட்டிய நீலம். ஒரு சங்கை உருட்சியாகக் காட்ட மூன்று நாள் ஆனது. அதன் வயிற்றில் தூரிகை படாமல் வெள்ளையை விடத் தெரியவில்லை எனக்கு.

சங்கு எப்படி வந்தது என்றால், காற்றாலையைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்த என்னிடம் அக்கா கேட்டார்: "இதைப் பிரிச்சுப் பாத்தா உங்க சித்திக்கு நம்ம ஊரு ஞாபகம் வருமாட்டி?" காற்றாலையை விட்டுச் சங்குக்கும் தோணிக்கும் மாறினேன்.

பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் கொண்டுபோன சீனப் பீங்கானைப் பார்த்துத்தான் ஹாலந்துக் குயவர்கள் இந்த நீலத்தைப் பழகினார்கள். பழகியதும் நடுவில் தங்கள் படகுகளையும் விளையாடும் பிள்ளைகளையும் வரைந்தார்கள். அதே டச்சுக் கம்பெனிதான் 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. முத்தும் சங்கும் துணியும் அவர்கள் கைக்குப் போயின. ஊர் இடையிடையே கை மாறி, 1825இல் முழுக்க ஆங்கிலேயருக்குப் போனது. டச்சுக்காரர்களின் நீலத்தில் நம் தோணி மிதப்பது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. வரைந்து அப்பாவிடம் காட்டினேன். "பாய் காத்து வாங்குற பக்கமே தப்பு" என்றார். அதையும் திருத்தினேன்.

மூலைப் பூதான் கடைசி வரை உறுத்தியது. அரைகுறையாக இருக்கிறதே, முழுசாக வரைந்துவிடட்டுமா என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லாமல், காய்ந்த அட்டைகளில் நாலை எடுத்து மூலையோடு மூலை ஒட்டித் தரையில் வைத்தார். நாலு கால் பூவும் நடுவில் ஒரே பூவாகக் கூடின. சுவரில் வரிசையாகப் பதிக்க வரைந்த டைல் அல்லவா!

ஜூலை 26 கொடியேற்றத்துக்கு முன்பே அட்டைகளைத் தபாலில் சேர்த்துவிட்டேன். ஒன்று கொழும்புச் சித்திக்கு, ஒன்று குவைத்தில் இருக்கும் அண்ணனுக்கு, ஒன்று மும்பை அத்தைக்கு. நாலாவதை அம்மா ஷோகேஸில் டைலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்.