மாமாவுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள்

அறந்தாங்கியில் எங்கள் மாமா ஒருவர் 1990-களில் ஏழெட்டு வருஷம் ரம்மி ஆடியே குடும்பம் நடத்தினார். வயல் இல்லை, கடை இல்லை, அரசாங்க உத்தியோகமும் இல்லை. யாராவது கேட்டால் 'பிசினஸ்' என்பார் அத்தை. என்ன பிசினஸ் என்று மேற்கொண்டு கேட்டால் காபி வராது.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, நேரே மனமகிழ் மன்றம். ஆபீஸ் போகிற மாதிரியே போவார். கேஷுவல் லீவுகூடக் கிடையாது.

"உங்களுக்கு மட்டும் எப்படி மாமா நல்ல சீட்டா வருது?"

"யார்றா சொன்னது? எல்லாருக்கும் வர்ற குப்பைதான் எனக்கும் வருது மாப்ளே. நான் என் சீட்டைப் பார்க்கறதைவிட அடுத்தவன் மூஞ்சியைப் பார்க்கறது ஜாஸ்தி."

மேஜையில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் மாமாவிடம் ஒரு ஜாதகம் இருந்தது. உரக்கடைக்காரர் ஜோக்கர் வந்தால் எல்லோருக்கும் டீ சொல்வார். வாத்தியார் ஒருவர் எடுத்த சீட்டைச் சட்டென்று சொருகினால் ரன் சேர்ந்துவிட்டது; ஓரத்தில் வைத்தால் அடுத்த சுற்றில் கீழே வரும். ஆவுடையார்கோவில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர், வாட்ச்சைப் பார்க்க ஆரம்பித்தால் எதையும் கழித்துவிடுவார்.

எல்லோரையும்விட மாமாவுக்குப் பிடித்தவர் ஒரு குமாஸ்தா. அவர் ஸ்கூட்டே போகமாட்டார். கவுரவப் பிரச்னை!

கணக்கைப் பாருங்கள். பாயிண்ட் ஒரு ரூபாய். கை மோசமென்று ஆரம்பத்திலேயே ஸ்கூட் போனால் 20. பிடிவாதமாக ஆடி ஒரிஜினல் ரன் சேராமல் மாட்டினால் ஃபுல், 80. ஒரு ராத்திரியில் நாலு மோசமான கை வந்தால், ஸ்கூட் போகிறவருக்கு 80 ரூபாய் நஷ்டம். நாலிலும் ஃபுல் வாங்கும் கவுரவஸ்தருக்கு 320. வித்தியாசம் 240 ரூபாய். மாமாவின் சம்பளம் அதிலிருந்துதான் வந்தது.

மாமா ஒன்றும் சட்ட விரோதி இல்லை. விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும். ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூணு சீட்டு மாதிரி இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டே 1967-ல் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் மைக் காரோ என்பவர் போக்கர் ஆடுகிறவர்களின் சேஷ்டைகளைப் பற்றி 1984-ல் புத்தகமே போட்டார். கையில் ஒன்றுமில்லாதவன் மிடுக்காக இருப்பான், பெரிய சீட்டு வைத்திருப்பவன் பரிதாபமாக முகத்தை வைத்துக்கொள்வான் என்பது அவர் கண்டுபிடிப்பு. மாமா அதைப் படித்ததில்லை. படித்திருந்தால் "இதுக்கு ஒரு புஸ்தகமா?" என்றிருப்பார்.

'நானும் வரட்டுமா?' என்று ஒருநாள் கேட்டேன். "உன் மூஞ்சி பாங்க் பாஸ்புக் மாதிரி இருக்கு. பாக்கி எவ்வளவுன்னு யார் வேணும்னாலும் படிச்சுடுவான். ஒழுங்கா வேலைக்குப் போ" என்றார்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டு நிறுத்தினார்களே, அதற்கு முன்னால் செல்போனில் ரம்மி ஆடிய பையன்களையும் மாமா விடவில்லை. "எதிராளி மூஞ்சி உனக்குத் தெரியாது. உன் பழக்கம் பூரா கம்பெனிக்குத் தெரியும். யாருடா ஜெயிப்பான்?"

குமாஸ்தா விஷயத்துக்கு வருவோம். ஒரு ஜூன் மாசம் அவர் மனைவி எங்கள் அத்தையிடம் வந்தார். பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும், 500 ரூபாய் கைமாற்று. அத்தை அரிசி டின்னுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். ராத்திரி மாமாவுக்குச் சோறு போடும்போது சொன்னார்:

"அவங்க பணத்தையே அவங்களுக்குக் கடனாக் குடுத்திருக்கேன். வட்டி வேண்டாம்னுட்டேன்."

மாமா ரசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் மன்றத்து வாசலிலேயே குமாஸ்தாவை மடக்கி, தொழில் ரகசியத்தையே சொல்லிவிட்டார். "நல்ல கை வந்தா தொண்டையைச் செருமுறீங்க. மோசமான கை வந்தா ஸ்கூட் போங்க. அதைவிட, ஒரு மாசம் இந்தப் பக்கமே வராதீங்க."

குமாஸ்தா கண்கலங்கி நன்றி சொன்னார். மாமாவின் வருமானம் போயிற்றே என்று நான் கவலைப்பட்டேன். பத்து நாள் கழித்து விசாரித்தேன்.

"செருமறதைச் சுத்தமா நிறுத்திட்டார் மாப்ளே" என்றார் மாமா. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஆனா, ஆறு மணிக்கு எனக்கு முன்னாடி வந்து உட்கார்ந்திருக்கார். அந்தப் பழக்கத்துலதானே நான் இத்தனை வருஷமாச் சாப்பிடறேன்!"