பழைய டிஸ்கவரியும் ஒரு கணக்குப் புத்தகமும்

இப்பக்கத்தில் வழக்கமாகக் கட்டுரைப் பயிற்சி, இலக்கணம், படிவம் ஒன்றுக்குச் செல்லும் மாணவர்களுக்கான குறிப்புகள் ஆகியவற்றையே எழுதி வருகிறேன். இன்று என் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பழைய வாகனத்தைப் பற்றி எழுதுகிறேன். பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

என் தந்தையார் பாகோ வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நிர்வாகியின் லேண்ட் ரோவருக்கு ஓட்டுநராகப் பணியாற்றியவர். நிர்வாகி உள்நாட்டவராக மாறிய பின்னரும் எங்கள் லயத்தில் அதற்குப் பெயர் 'தொரை வண்டி'தான். மாலையில் அப்பா அதனைக் கழுவித் துடைப்பார். பிள்ளைகளாகிய நாங்கள் தள்ளி நின்று பார்ப்போம். தொடக்கூடாது. என் தங்கைக்குக் கடும் காய்ச்சல் கண்ட ஓர் இரவில், அவளைப் போர்வையில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் அம்மாவின் மடியில் வைத்துத்தான் மூவார் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். வண்டிச் சாவி அப்போதும் அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. இதை அவர் குறையாகச் சொன்னதே இல்லை. நான்தான் மறக்கவில்லை.

1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட லேண்ட் ரோவர், மலாயாத் தோட்டங்களுக்கு வந்து சேர நெடுநாள் ஆகவில்லை. கேமரன் மலைக்குச் சென்றவர்கள், காய்கறிக் கூடைகளைச் சுமந்து செம்மண் பாதையில் ஏறும் பழைய லேண்ட் ரோவர்களைக் கண்டிருப்பீர்கள். 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு வண்டிகளில் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தனர். அவற்றுள் 'ஆக்ஸ்ஃபோர்டு' எனப் பெயரிடப்பட்ட வண்டி 2019-இல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு மீண்டும் லண்டனுக்கே சென்றது. 2008-இல் இந்தியாவின் டாட்டா நிறுவனம் லேண்ட் ரோவரை விலைக்கு வாங்கியது. அச்செய்தியை நாளேட்டில் படித்துக் காட்டியபோது அப்பா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ தொரையும் நம்மாளுதானா?" என்றார்.

2017-இல் 2001-ஆம் ஆண்டு டிஸ்கவரி ஒன்று விற்பனைக்கு வந்தது. ஐந்து உருளை கொண்ட 2,495 சிசி டீசல் இயந்திரம், ஏழு இருக்கைகள், பின்பக்கம் உயர்ந்த கூரை, தோல் இருக்கை. புதிதாக இருந்தபோது ஆசிரியர் எவரும் அதன் அருகில்கூடச் சென்றிருக்க முடியாது. பதினாறு ஆண்டு கழித்து விலை 19,000 ரிங்கிட். இவ்வளவு பழைய வாகனத்திற்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. முழுக் காப்புறுதியும் எளிதில் கிடைக்கவில்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு நிற்க வேண்டியிருந்தது. அதாவது, களவு போனாலும் எரிந்து போனாலும் நட்டம் முழுவதும் நம்முடையதே.

"என்னங்க, வாங்குறது பெரிசில்ல. யானையைக் கட்டித் தீனி போட நம்மால முடியுமா?" என்று என் துணைவியார் கேட்டார். முடியும் என்றேன். செலவு ஒவ்வொன்றையும் எழுதி வைப்பதாகவும் வாக்களித்தேன். பள்ளியில் மீந்த நீலநிற அட்டைப் பயிற்றுப் புத்தகம் ஒன்றை அதற்கு ஒதுக்கினேன். முதல் ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தேன்: 7,460 ரிங்கிட், டீசல் நீங்கலாக. அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டச் சில மாதங்கள் ஆயின.

வாங்க எண்ணுவோருக்குப் பயன்படும் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். முதலில், பின்பக்கக் காற்று ஸ்பிரிங்குகள். ஏழு இருக்கை வண்டிகளில் பின்பகுதியைச் சமநிலையில் தாங்குபவை ரப்பர்ப் பைகளே. ரப்பருக்கு வயதானால் வெடிப்பு விடும். இரவில் காற்று இறங்கி, காலையில் வண்டி பின்கால் மடக்கிய எருமை போல் படுத்திருக்கும். அடுத்து, இயந்திரத்தின் மேல்மூடிக்குள் இருக்கும் இன்ஜெக்டர் வயர்த் தொகுதி. எண்ணெய் அந்த வயர்களுக்குள்ளேயே ஊர்ந்து சென்று கணினிப் பெட்டியின் சிவப்பு இணைப்பியை அடைந்துவிடும். அப்போது இயந்திரம் திக்கும். விவரம் அறியாத பட்டறைகள் இன்ஜெக்டரையே மாற்றச் சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்கும். வயர்த் தொகுதியை மாற்றி, இணைப்பியைத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு பட்டறைகள் தேவைப்பட்டன.

பிறகு அந்த மூன்று விளக்குகள். பிரேக் பூட்டுத் தடுப்பு, வழுக்கல் தடுப்பு, சரிவில் இறங்கும் கட்டுப்பாடு ஆகிய மூன்றுக்கும் உரிய எச்சரிக்கை விளக்குகள் ஒருசேர எரியும். இவ்வண்டியை விரும்புவோர் இவற்றை 'மூன்று நண்பர்கள்' என்பர். சக்கரத்தின் உணரி கெட்டிருக்கலாம், அல்லது பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள சிறு சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். கோளாற்றைப் படிக்கும் கருவி இல்லாத பட்டறைக்குப் போனால் ஊகத்திற்குத்தான் பணம் கட்ட வேண்டும்.

டீசல் விலையைப் பற்றி நீளமாகப் புலம்ப விரும்பவில்லை. 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்பத்தில் லிட்டர் 2.15-இலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. நான் வழக்கமாக நிரப்பும் 60 லிட்டருக்கு 129 ரிங்கிட் ஆனது ஒரே இரவில் 201 ஆயிற்று. நீலப் புத்தகத்தில் அந்த வரியின் கீழ் என் துணைவியார் சிவப்பு மையால் கோடிட்டுள்ளார். ஆசிரியர் நான், திருத்துபவர் அவர்.

வெள்ளக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 மார்ச்சில் ஜோகூரில் வெள்ளம் பெருகியபோது, "உங்க வண்டி போகுமே சார்" என்று பலரும் அழைத்தனர். இவ்வண்டிக்குச் சொல்லப்பட்ட நீராழம் அரை மீட்டர்தான். முழங்காலுக்கு மேல் நீர் என்றால் நான் போகமாட்டேன் என்றேன். சிலருக்கு மனவருத்தம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தி.

2019 ஜூலை. சில வாரங்களாக வண்டி மெதுவாகச் செல்லும்போது அடியிலிருந்து சிட்டுக்குருவி கத்துவது போல் 'கீச் கீச்' என்று ஒலி வந்தது. நான் செல்லும் பட்டறையின் முதியவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "சிக்கு, முன்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்ட். இணைப்பு காய்ந்துவிட்டது. மாற்றிவிடுங்கள்," என்று மலாயில் சொன்னார். கியர்ப்பெட்டியிலிருந்து முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் தண்டு அது. அதன் பின்முனை இரட்டை இணைப்பு புகைக்குழாயின் வெப்பத்திற்கு அருகிலேயே இருப்பதால் உள்ளிருக்கும் கிரீஸ் வறண்டுவிடும். எங்களுடைய இணைப்பில் கிரீஸ் ஏற்றும் துளையும் இல்லை. புதிதாகச் செய்துகொள்ள 680 ரிங்கிட். அம்மாதம் மகளின் பள்ளிச் செலவு இருந்தது. அடுத்த சம்பளத்தில் பார்க்கலாம் என்றேன். ஒலி வந்தால் வானொலியைச் சற்று உரக்க வைத்தேன்.

அடுத்த வாரம் மூவார் நகரில் மாவட்ட அளவிலான கதை சொல்லும் போட்டி. பெற்றோரின் ஒப்புதல் கடிதங்களைக் கோப்பில் வைத்துக்கொண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவர் நால்வரை ஏற்றிச் சென்றேன். புக்கிட் பாசிரைத் தாண்டியதும் குருவி ஓசை நின்றது. சரியாகிவிட்டது என்றுகூட எண்ணினேன். ஆனால் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிரத் தொடங்கியது. பின்னிருக்கையில் ஒரு சிறுமி, கதையை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவள், "சார், காலுக்குக் கீழ ஏதோ தட்டுது," என்றாள். ஓரத்தில் நிறுத்தி, பிள்ளைகளைப் புல்தரையில் தள்ளி நிற்கச் செய்தேன். சக ஆசிரியை ஒருவர் தம் சாகா மகிழுந்தில் வந்து அவர்களை அழைத்துச் சென்றார். வண்டி இழுவை லாரியில் போயிற்று.

பட்டறையில் முதியவர் அந்த இணைப்பைக் கழற்றி என் உள்ளங்கையில் கொட்டினார். ஊசி போன்ற உருளைகள் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பொடிதான் இருந்தது. அது முற்றிலும் கழன்றிருந்தால், சுழன்றுகொண்டிருக்கும் இரும்புத் தண்டு கியர்ப்பெட்டியின் உறையை உடைத்திருக்கும். பிள்ளைகளின் பாதங்கள் அதற்கு மேல்தான் இருந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளைகள் இருந்தார்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை பெற்றோர்களிடம், வண்டி பழுதாகிவிட்டது, போட்டிக்குச் சற்றுத் தாமதம் என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் எச்சரிக்கப்பட்ட பழுது என்பதையும், 680 ரிங்கிட்டுக்காகத் தள்ளிப் போட்டேன் என்பதையும் சொல்லவில்லை. ஒரு தாயார், "நல்ல வேளை சார், நீங்க கூட இருந்தீங்க," என்று நன்றி கூறினார். அந்நன்றியை நான் பெற்றுக்கொண்டேன். அந்த நால்வரும் ஆரம்பப்பள்ளியை முடித்துச் சென்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவர்களின் பெற்றோரில் இருவர் இப்பக்கத்தைப் படிப்பவர்கள் என்பதை அறிவேன். உங்களிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்கவும்.

புதிய இணைப்பில் கிரீஸ் துளைகள் உள்ளன. ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் கிரீஸ் ஏற்றுகிறேன். அப்பாவுக்கு இப்போது குனிய முடிவதில்லை. நாற்காலி போட்டு அருகில் அமர்ந்து, பழைய கிரீஸ் வெளியே வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். வந்தால்தான் போதும் என்பார். மாணவர்களை அதன்பின் இவ்வண்டியில் ஏற்றுவதில்லை. போட்டிகளுக்கு வாடகை வேன் பிடிக்கிறோம். அந்தச் செலவில் என் பங்கையும் நீலப் புத்தகத்தில்தான் எழுதுகிறேன்.