நொய்யல் நதிக்கரையிலே

தீபாவளி விடுமுறைக்கு எங்கே பிரயாணம் என்று என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். "நொய்யல் நதியைப் பார்க்கப் போகிறேன்" என்றேன். உதகமண்டலம் என்று சொல்லியிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். காசி என்றால் கும்பிடு போட்டிருப்பார். நொய்யல் என்றதும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்கிறவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

உண்மையில் நான் என் அக்காளைப் பார்க்கத்தான் புறப்பட்டேன். அவளை ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறது. ஆனால் அவ்வூருக்கு நேர்வழியில் போகாமல், நதி பிறக்குமிடத்திலிருந்து அதன் கூடவே போவது என்று இம்முறை தீர்மானித்தேன். நாற்பத்தைந்து வயதில் இப்படிப்பட்ட பைத்தியம் பிடிப்பது சகஜம் என்று என் மனைவி அபிப்பிராயப்பட்டாள்.

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் ஓடைகளாய் இறங்கி ஒன்று கூடும் நொய்யல், கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஜில்லாக்களைக் கடந்து, தன் பெயரையே கொண்ட நொய்யல் என்னும் ஊருக்கருகில் காவேரியில் கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது இதன் பழைய பெயர். பேரூர்ப் பட்டீசுவரர் சந்நிதி இதன் கரையில்தான் இருக்கிறது. மலையடிவாரத்தில் இறங்கிப் பார்த்தேன். ஐப்பசி மழையினால் நீர் நிறைய ஓடிக் கொண்டிருந்தது. கூழாங்கற்கள் அடியில் தெரிந்தன. ஒரு கை அள்ளிக் குடித்தேன், தித்தித்தது. அவ்வளவு மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு இந்தப் பிரயாணத்தில் நதி நீரை நான் குடிக்கவில்லை.

கோயமுத்தூர் நகரத்தின் சாக்கடைகளை வாங்கிக்கொண்டு நதி கிழக்கே செல்லுகிறது. அதைப்பற்றி எழுதப் புகுந்தால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். நேயர்களை நேரே திருப்பூருக்கு அழைத்துச் செல்லுகிறேன்.

ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் குமரன் நினைவு மண்டபம். 1932ம் வருஷம் ஜனவரி மாதம், கையில் பிடித்த கொடியைத் தரையில் விழவிடாமல் அடிபட்டு உயிர் நீத்த குமரனுடைய ஊர் இது. கதருக்குப் பேர்போன ஊராகவும் அந்நாளில் இருந்தது. இன்று உலகமெல்லாம் உடுத்தும் பனியன்களை இங்கேதான் பின்னுகிறார்கள், வெட்டுகிறார்கள், தைக்கிறார்கள். விடியற்காலையில் தொழிலாளர்கள் சாப்பாட்டுத் தூக்குகளுடன் நாலா திசையிலிருந்தும் வந்து குவிவதைப் பார்த்தால், சோம்பேறிக்குக்கூட வேலை செய்யலாமா என்று தோன்றிவிடும். ஊரின் நடுவே நொய்யல் ஓடுகிறது.

என் அக்காளின் மகன் இவ்வூரில் சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் ரசாயனப் பரிசோதகனாய் இருக்கிறான். ஒன்பதாம் வகுப்பில் அவனுக்கு ரசாயனம் கற்றுக்கொடுத்தவன் நான். ஆகையால் அன்று அவன் எனக்குக் கற்றுக்கொடுத்ததை ஒருவகைக் கடன் தீர்த்தலாகவே எண்ணிக் கொண்டேன்.

"மாமா, எல்லோரும் சாயத்தைப் பார்த்துத்தான் பயப்படுறாங்க. சாயம் கண்ணுக்குத் தெரியுது. நம்மைக் கெடுத்தது உப்புங்க மாமா" என்றான்.

விஷயம் இதுதான். பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிக்க வேண்டுமானால் தொட்டியில் ஏராளமாக உப்பைக் கொட்ட வேண்டும். சாயத்தில் பெரும் பகுதி துணியில் ஒட்டிக்கொள்ளும். உப்போ வேலை முடிந்ததும் அப்படியே கழிவு நீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டால் நிறத்தைத் தெளிய வைக்கலாம். ஆரம்ப காலத்துச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதைத்தான் செய்தன. தண்ணீர் வெளுத்தது, பார்ப்பவர்களுக்குத் திருப்தி. ஆனால் கரைந்த உப்பு ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை.

சர்க்கார் சட்டம் எழுதாமல் இருந்துவிடவில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974ல் வந்தது. தமிழ்நாட்டில் அதை நடத்திவைக்கும் வாரியம் 1982ல் ஏற்பட்டது. சட்டப்படி, வாரியத்தின் இசைவாணை இல்லாமல் எந்தத் தொழிற்சாலையும் கழிவு நீரை வெளியே விடக்கூடாது. எந்த இடத்தில் விடலாம், எவ்வளவு விடலாம், என்ன தன்மையில் விடலாம், எந்தத் தேதி வரையில் விடலாம் என்றெல்லாம் அந்த ஆணையில் நிபந்தனை விதிக்கலாம். ஆறு குளங்களில் விடுகிற கழிவு நீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாதென்பது விதி. விண்ணப்பம் கொடுத்து நாலு மாதத்துக்குள் வாரியம் ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இருந்தால், இசைவு கொடுத்ததாகவே பாவிக்கப்படும் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. உறங்குகிற காவற்காரனைக் கண்டு, கதவு திறந்திருப்பதாக அர்த்தம் செய்துகொள்வது போன்றது இது. அந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

சட்டம் இருந்தது, இசைவாணைகள் இருந்தன, பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. ஒரத்துப்பாளையத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பாசனத்துக்காக 1992ல் அணை கட்டி முடித்தார்கள். திருப்பூருக்குக் கீழே கட்டிய அணையாதலால் அதில் தேங்கியது மழை நீர் மட்டும் அல்ல. சில வருஷங்களிலேயே, அந்த நீர் எங்களுக்கு வேண்டாம் என்று விவசாயிகளே சொன்னார்கள். தண்ணீர் விடுங்கள் என்று போராடிய விவசாயிகளைப்பற்றிப் படித்திருக்கிறோம். தண்ணீரை விடாதீர்கள் என்று கேட்டவர்களை இங்கேதான் கண்டேன்.

பிறகு ஹைகோர்ட்டு. நஷ்டத்தைக் கணக்கிட்ட அதிகார சபை 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் கொடுக்க வேண்டுமென்று சொல்லிற்று. 2006ம் வருஷம் டிஸம்பரில் ஹைகோர்ட்டு கடுமையான உத்தரவு போட்டது. 2009ல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. ஒரு சொட்டுக் கழிவு நீர்கூட வெளியேறக்கூடாது என்பது அதன் சாரம். அது நிறைவேறாமற் போகவே, 2011ம் வருஷம் ஜனவரி 28ந் தேதி, திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் யாவற்றையும் மூடும்படி ஹைகோர்ட்டு ஆணையிட்டது. மின்சாரத்தைத் துண்டித்தார்கள். ஊர் ஸ்தம்பித்துப் போயிற்று. வாடகை கொடுக்க முடியாத தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். துணிகள் வேறு ஊர்களுக்குச் சாயமேற்றிக்கொள்ள லாரிகளில் சென்றன. என் மருமகன் அப்போது கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தான். அவனுடைய அறைத்தோழனின் தகப்பனார் பட்டறைக் கூலி. பையன் அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டானாம்.

சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து, பொது நிலையங்கள் புது யந்திரங்களை வைத்த பிறகே பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. இப்போது கழிவு நீரைக் கிருமிகளை விட்டுத் தின்ன வைத்து, நிறம் நீக்கி, மெல்லிய சவ்வுகளின் வழியே பெரும் அழுத்தத்தில் பிழிகிறார்கள். நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வரும். அது பட்டறைக்கே திரும்பிப் போகும். மிஞ்சிய உவர் நீரைக் காய்ச்சி ஆவியாக்கினால் உப்பு மிஞ்சும். அதில் பெரும் பகுதி மறுபடி சாயத் தொட்டிக்குப் போகும். எதற்கும் உதவாத கலப்பு உப்பை மட்டும் மூட்டை மூட்டையாய்க் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார்கள். அதை என்ன செய்வது என்று கேட்டேன். மருமகன் பதில் சொல்லாமல் அடுத்த யந்திரத்தைக் காட்டினான்.

"வெளியே விடுகிற குழாயே கிடையாது என்றால் வாரியத்தார் எதை அளக்கிறார்கள்?" என்றேன்.

"உள்ளே எத்தனை லிட்டர் வந்துச்சு, எத்தனை லிட்டர் மீண்டுச்சு, எத்தனை மூட்டை உப்பு விழுந்துச்சு, இது மூணும் ஒத்து வரணுங்க மாமா. மீட்டர் கணக்கு நேரா சென்னைக்குப் போயிடுது. கரண்ட் செலவு பார்த்தாலே ஆவியாக்கற யந்திரம் ஓடுச்சா, தூங்குச்சான்னு தெரிஞ்சுபோகும்."

மின்சாரச் சீட்டில் நதியின் ஆரோக்கியத்தைப் படிக்கலாம் என்பது எனக்குப் புதிய பாடம். அதே மின்சாரச் சீட்டுத்தான் சோதனையும். யந்திரத்தை ஓட்டுவதற்குச் செலவு அதிகம். ஓட்டாமல் இருந்தால் அவ்வளவும் லாபம். மழை பெய்யும் இரவில் ஆற்றைப் பார்க்க யாரும் வருவதில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் அக்காள் வீட்டுக்குச் சென்றோம். வழியில் ஒரத்துப்பாளையம் அணையில் இறங்கினோம். நீளமான கரை, அழகான மதகுகள், கைப்பிடிச் சுவர். அணைக்கட்டுக்கு வேண்டிய லட்சணம் எல்லாம் இருந்தது. கோர்ட்டின் தலையீட்டினால் தேங்கியிருந்த நீரை வெளியேற்றிய பிறகு, பல்லாண்டுகள் நீரைத் தேக்காமலே விட்டிருந்த அணை அது. தண்ணீரைத் தேக்குவதற்காகப் பிறந்து, தேக்கக் கூடாதென்று தண்டனை பெற்றது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "ஏனுங்க, படம் புடிக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான்.

மச்சானுக்கு வயது அறுபத்தெட்டு. பலகாரம் சாப்பிட்டு முடிந்ததும் என்னை உள் அறைக்கு அழைத்துச் சென்று அலமாரியைத் திறந்தார். சட்டி பானை இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாய்க் கண்ணாடிப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: தேதி, கிணறா ஆறா, மழையா வெயிலா. பழைய போத்தல்களில் சில காபிக் கஷாய நிறமாயிருந்தன. அடியில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது. இந்தக் கிணற்றை நம்பி மஞ்சளும் நெல்லும் வைத்த பூமியில் இப்போது தென்னை மட்டும் நிற்கிறது. குடிநீருக்கு அக்காள் குழாயடியில் குடம் வைக்கிறாள்.

"மாப்பிள்ளை, நீங்க சட்டமெல்லாம் படிக்கிறவர். இதைக் கொண்டுபோய்க் குடுத்தா கோர்ட்டுல எடுத்துக்குவாங்களா?"

நான் தயங்கினேன். உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அச்சட்டத்தின்படி வழக்குக்கு ஆதாரமாகிற மாதிரியை வாரியத்து அதிகாரிதான் எடுக்க வேண்டும். எடுத்தபின் தொழிற்சாலைக்காரருக்குத் தெரிவித்து, அவர் முன்னிலையில் அதை இரண்டு பங்காக்கி, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அந்த முறை தவறினால் பரிசோதனை முடிவு சாட்சியமாகாது. திருடனுக்குச் சொல்லிவிட்டுத் திருட்டைப் பிடிப்பதா என்று கோபம் வரலாம்; ஆனால் பொய்க் குற்றச்சாட்டிலிருந்து யோக்கியனையும் அந்த விதிதான் காக்கிறது. எப்படியானாலும், மச்சானுடைய இருபது வருஷத்துப் போத்தல்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

"அப்ப இதெல்லாம் வீணுங்களா?" என்றார்.

வேறு இரண்டு பிரிவுகளைச் சொன்னேன். இசைவாணைகளின் நிபந்தனைகளை எழுதி வைக்கும் பதிவேட்டை, பாதிக்கப்பட்ட எவரும் போய்ப் பார்க்கலாம். அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சாதாரணக் குடிமகனே கோர்ட்டில் புகார் செய்யலாம். புகாருக்குத் தேதிகள் வேண்டும். அவரிடம் தேதிகள் இருந்தன. அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மகன் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, உங்க நிலையத்துக் கணக்கு நெசமாவே சைபர்தானா?"

"எங்க நிலையத்துல சைபர்தாங்கப்பா. நான் பார்த்துக் கையெழுத்துப் போடறேன்."

"மத்த இடத்துல?"

பையன் தலை குனிந்து கொண்டான். அக்காள் சமையலறையிலிருந்து, "நல்ல நாளும் அதுவுமா அவனை ஏன் குடையறீங்க?" என்றாள். அவன் அனுப்பும் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அவ்வருஷத் தீபாவளி நடந்தது. நான் உடுத்தியிருந்த புதுச் சட்டையின் நீல வர்ணமும் திருப்பூரில் ஏற்றியதுதான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வந்து, என்னையறியாமல் மேல்துண்டை இழுத்து மூடிக்கொண்டேன்.

சட்டைப் பையில் பள்ளிக்கூடத்து உப்புமானி ஒன்று வைத்திருந்தேன். பேனா அளவுதான் இருக்கும். மறுநாள் காலை கிணற்று நீரில் நனைத்துப் பார்த்தோம். அது காட்டிய எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு வாத்தியாரின் விளையாட்டுக் கருவி ஒரு நாள் காட்டியதை அச்சிட்டு ஊர் முழுவதையும் குற்றவாளியாக்கவோ விடுதலை செய்யவோ நான் விரும்பவில்லை. மச்சான் எட்டிப் பார்த்து, "முன்னைக்கு இது தேவலைங்க" என்று மட்டும் சொன்னார். மருமகனின் முகம் மலர்ந்தது. தகப்பனார் அதைக் கவனித்தார் என்றே நினைக்கிறேன், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

இரவெல்லாம் மழை பெய்திருந்தது. மூவரும் ஆற்றங்கரைக்கு நடந்தோம். நொய்யல் செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போயிற்று. அது மழையின் நுரையா, வேறு நுரையா என்று மூவரும் சிறிது நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி ஒரு போத்தலில் நீர் மொண்டார். மருமகன் அதை வாங்கி, மூடியை இறுக்கி, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவால் தேதியையும் நேரத்தையும் எழுதினான். பிறகு சற்று யோசித்துத் தன் கையெழுத்தையும் போட்டான். தகப்பனார் தம் பெயரை எழுதினார். போத்தலை என்னிடம் நீட்டி, "நீங்களும் போடுங்க மாப்பிள்ளை" என்றார்.

போட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக் கரூர் பஸ்ஸைப் பிடித்தேன்.