நுரைக்கு எத்தனை மார்க்?

ராப் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தொளதொள டி-ஷர்ட், திருப்பிப் போட்ட தொப்பி, சைக்கிள் செயின் சைஸுக்குக் கழுத்தில் ஒரு சங்கிலி, கையில் மைக்... இது எதுவுமே இல்லாத ராப் ஒன்று இருக்கு மக்கா! மைக் கிடையாது, மியூஸிக் கிடையாது, சத்தம்கூடக் கிடையாது. ஆன்லைனில் ரெண்டு பேர் எழுத்தாலேயே மோதிக்கணும். ஆளுக்குப் பதினாறு வரி. படிச்சுப் பார்த்து, 'ஜெயிச்சது இவர்தான்' என்று மூணு நடுவர்கள் தீர்ப்பு சொல்லணும். அந்த மூணு பேரில் ஒருத்தன், பகலெல்லாம் ஹீட் டிரான்ஸ்ஃபருடன் மல்லுக்கட்டும் மெக்கானிக்கல் மூணாம் வருஷ மாணவனாகிய அடியேன்!

போன செமஸ்டர் லீவில்தான் இந்தப் பதவி வந்தது. போட்டியில் மொத்தம் 32 பேர். எல்லாம் நாக்-அவுட். ஒரு மேட்ச்சுக்கு ஒருத்தர் வெளியே போவார், கடைசியில் ஒருத்தர்தான் மிஞ்சணும். அப்படின்னா 31 மேட்ச். இன்னும் சரியாச் சொன்னா, 31 பேரை வீட்டுக்கு அனுப்புற வேலை! மார்க் மட்டும் போட்டுட்டு நழுவவும் முடியாது. ஏன் இந்த முடிவு என்று அஞ்சு வரியாவது காரணம் எழுதணும். அது யாருக்குன்னு நினைக்கிறீங்க? ஜெயிச்சவன் காரணத்தைப் படிக்கவே மாட்டான், பார்ட்டிக்குக் கிளம்பிடுவான். தோத்தவன்தான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பான்.

கொஞ்சம் ஃபிளாஷ்பேக். ஹிப் ஹாப் பிறந்த இடம், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. 1973 ஆகஸ்ட் 11-ம் தேதி டி.ஜே. கூல் ஹெர்க் அங்கே இசைத்தட்டு சுழற்றிய பார்ட்டியைத்தான் அதன் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறார்கள். ஆனா, ராப் சண்டைக்கு இலக்கணம் போட்டது 1981 டிசம்பர். இடம், ஹார்லெம் வேர்ல்ட் என்ற கிளப். பிஸி பீ என்ற ராப்பர் கூட்டத்தைக் கூச்சல் போட வைப்பதில் கில்லாடி. அவருக்கு அப்புறம் மைக் பிடித்த கூல் மோ டீ, கூட்டத்தைக் கண்டுக்கவே இல்லை. நேராக பிஸி பீயைக் குறிவைத்து, அவருடைய ஸ்டைலையே பிரித்து மேய்ந்துவிட்டார். கைதட்டல் வாங்குற ஆள் பெரியவனா, வரி எழுதத் தெரிஞ்ச ஆள் பெரியவனா என்ற கேள்விக்கு அன்னிக்கு ராத்திரி பதில் கிடைச்சது.

'அமெரிக்காக்காரன் சமாச்சாரம் நமக்கெதுக்கு?' என்று கேட்பவர்களுக்கு... தஞ்சாவூர்ப் பக்கம் லாவணி பார்த்திருக்கிறீர்களா? மன்மதன் எரிந்தானா, இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என ரெண்டா பிரிஞ்சு, விடிய விடிய பாட்டுலயே அடிச்சுக்குவாங்க. காளமேகம் சிலேடையில் திட்டினால், திட்டு வாங்கினவரே ரசிப்பாராம். வில்லிபுத்தூரார் இன்னும் டெரர். போட்டியில் தோற்ற புலவர்களின் காதைத் துறட்டியால் அறுப்பாராம். அருணகிரிநாதர் கந்தரந்தாதி பாடி ஜெயிச்சு, அந்தப் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வெச்சார் என்பது கர்ணபரம்பரைக் கதை. நல்லவேளை, எங்க போட்டியில் காதுக்கு சேதாரம் இல்லை!

சரி, எழுத்துல வர்ற ராப்புக்கு எப்படி மார்க் போடுறது? என் டெக்னிக் ரொம்ப சிம்பிள். முதல்ல மேஜையில் தாளம் தட்டிக்கொண்டே படிப்பேன். வரிக்கு நாலு தட்டு. பதினாறு வரிக்கு 64 தட்டு. நிமிஷத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில் போனா, மொத்தம் 43 விநாடியில் முடியணும். நடுவில் நாக்கு தடுக்கினால், அந்த வரியில் ஏதோ ஒரு வார்த்தை ஓசி டிக்கெட்டில் ஏறியிருக்குன்னு அர்த்தம். (ஹாஸ்டல் ரூம்மேட் என்னை மிருதங்க வித்வான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்!)

அடுத்தது, வரிக் கடைசியில் வர்ற ஒத்த ஓசை. இலக்கண வகுப்பில் இயைபு என்று படிச்சோமே, அதேதான். இங்கிலீஷ் ராப்பில் இதுக்கு மூளையைக் கசக்கணும். தமிழில்? வந்தான், போனான், நின்னான், தின்னான்... சும்மாவே ஒத்துப்போகும் பாஸ்! வினைச்சொல்லின் வால் தமிழ்த்தாய் இலவசமாகக் கொடுத்தது. அதுக்கு மார்க் கேட்டா எப்படி? வால் வேற வேற சொல்லிலிருந்து வந்து கடைசியில் கை கோத்தால்தான் என் பேனா மார்க் போடும்.

கடைசியாகத்தான் பன்ச். ஐம்பது மார்க்கில் இருபது இதுக்குத்தான். அதுக்கு நான் வைத்திருக்கும் டெஸ்ட், 'பேரை மாத்திப் பார்'. எதிராளி பேரை எடுத்துட்டு என் பேரையோ, ரூம்மேட் பேரையோ போட்டுப் படிப்பேன். அப்பவும் அந்த வரி அப்படியே பொருந்தினா அது பன்ச் இல்லை, பஸ்ஸில் விற்கிற ரெடிமேட் கர்ச்சீப்! 'நீ ஒரு ஜீரோ, நான்தான் ஹீரோ' என்று எழுதினால் யாரைத்தான் அடிக்கும்? யாருக்கு வேணும்னாலும் பொருந்துற வரி, யாரையும் தொடாது. ஏஐகிட்ட எழுதி வாங்கிட்டு வர்றவங்களும் பெரும்பாலும் இந்த டெஸ்ட்டில்தான் சிக்குறாங்க.

இந்த டெஸ்ட்டின் அருமை முதல் சுற்றிலேயே தெரிஞ்சது. 32 பேரில் ஒரே ஒரு பொண்ணு. எதிரில் ஆடிய பையன் தன் முதல் எட்டு வரியில் நாலு வரியை, 'சமையல்கட்டுக்குப் போ' என்பதற்கே செலவு பண்ணியிருந்தான். நண்பர்கள் கூட்டம் சிரிப்பு பொம்மைகளாகக் கொட்டித் தீர்த்தது. நான் பேரை மாற்றிப் பார்த்தேன். என் தங்கச்சிக்குப் பொருந்துது, வகுப்பு டாப்பருக்குப் பொருந்துது, எங்க லேப் மேடத்துக்கும் பொருந்துது. எந்தப் பொண்ணுக்கும் பொருந்துற வரி, இந்தப் பொண்ணைப் பத்தி என்ன சொல்லுது? நாலுக்கும் ஜீரோ! அவள் திருப்பி எழுதினது இது:

'என்னைச் சமையலுக்குப் போகச் சொல்ற நாலு வரில,
ஒண்ணுகூட வேகலை தம்பி, அரிசி இன்னும் உலையில!'

இதில் யார் பேரை மாத்த முடியும்? அந்த நாலு வரியை எழுதினவனைத் தவிர வேறு யாருக்கும் இது பொருந்தாது. மூணு நடுவர்களும் அவளுக்கே ஓட்டுப் போட்டோம். தோத்தவன் 'என் வரிக்குத்தானே எல்லாரும் சிரிச்சாங்க?' என்று கேட்டான். சிரிச்சது உண்மைதான் தம்பி. ஆனா, பிஸி பீக்கும்தான் கூட்டம் கத்துச்சு!

அப்பாடா, கையில் ஒரு சூப்பர் அளவுகோல் இருக்கு என்று நான் ஹாயாக இருந்தபோதுதான் கால் இறுதியில் வந்தது வில்லங்கம்.

ஒரு பையன், முதல் சுற்றிலேயே தன் அப்பாவின் டீக்கடையைப் பத்திக் கம்பீரமா எழுதியிருந்தான். '8 மைல்' படம் பார்த்தவங்களுக்கு இந்த வித்தை புரியும். 2002-ல் வந்த அந்தப் படத்தின் கடைசிச் சண்டையில், எமினெம் தன்னைப் பத்தின குறைகளை எல்லாம் தானே முதல்ல கொட்டிடுவார். எதிராளிக்குச் சொல்ல மிச்சம் ஒண்ணும் இருக்காது. நம்ம டீக்கடைப் பையனும் அப்படித்தான் கவசம் மாட்டியிருந்தான். கால் இறுதியில் முதலில் எழுதிய எதிராளி, அந்தக் கவசத்தின் மேலேயே கை வெச்சான்.

'அப்பா ஆத்துனா டீ, நீ ஆத்துனா வெறும் உரை,
அவர் கிளாஸ்ல மேலதான் நுரை, உனக்கு அடி வரை நுரை!'

படிச்சதும் தாளம் தட்டின கை அப்படியே நின்னுடுச்சு. ஆத்துறது என்ற ஒரே சொல்லில் டீயும் இருக்கு, மேடைப் பேச்சும் இருக்கு. உரை, வரை, நுரை... எதுவும் இலவச வால் இல்லை. பேரை மாத்திப் பார்த்தா யாருக்கும் பொருந்தாது. என் டெஸ்ட்டில் நூத்துக்கு நூறு!

ஆனா, போட்டி விதியில் ஒரு வரி இருக்கு: குடும்பத்தை இழுக்கக் கூடாது. ஒரு நடுவர் 'விதி மீறல், அவுட்' என்று டீக்கடைப் பையனுக்கு ஓட்டுப் போட்டார். இன்னொருத்தர் 'செம பன்ச்' என்று எதிராளிக்குப் போட்டார். ஒன்றுக்கு ஒன்று. மூணாவது ஓட்டு, என்னோடது. அன்னிக்கு ராத்திரி மெஸ்ஸில் தோசை ஆறிப்போனதுகூடத் தெரியலை. ஒரு அப்பாவின் உழைப்பைக் கிண்டல் பண்ணினதுக்கு மார்க் போடுறோமா? இல்லை, பாவம் பார்த்து நல்ல வரியைக் கொல்றோமா?

கடைசியில் எனக்கு நானே மூணு கேள்வி கேட்டுக்கிட்டேன். ஒண்ணு, டீக்கடையை மேடைக்குக் கொண்டுவந்தது யாரு? அந்தப் பையனேதான். எதிராளி துப்பறிஞ்சு தோண்டி எடுக்கலை. ரெண்டு, அடி யார் மேல விழுது? நல்லாப் பாருங்க, அந்த ரெண்டு வரியில் அப்பா ஜெயிச்சிட்டார். அவர் டீ அசல் டீ, நுரை மேலதான். வாங்கிக்கட்டிக்கிட்டது பையனுடைய எழுத்து. மூணு, பதில் சொல்ல வாய்ப்பு இருந்துச்சா? தாராளமா. அவன் கையில் பதினாறு வரியும் பாக்கி இருந்தது. ஆனா, அத்தனையிலும் அவன் நுரை பக்கமே போகலை. என்னவோ அப்படி ஒரு வரியே வராத மாதிரி, ஏற்கெனவே யோசிச்சு வெச்சிருந்ததை இறக்கிட்டுப் போயிட்டான். எழுத்துச் சண்டையில் பேனாவுக்கு எதிராகக் காதைப் பொத்திக்கிறது பெரிய குற்றம்.

38-க்கு 34 என்று எதிராளிக்கு ஓட்டுப் போட்டேன். அஞ்சு வரி போதும் என்ற இடத்தில் இருபது வரி காரணம் எழுதினேன். 'உன் முதல் பாதி பிரமாதம். எதுகை சும்மா துள்ளுது. ஆனா, பதிலடிக்கு உள்ள பத்து மார்க்கில் ரெண்டுதான் கொடுக்க முடிஞ்சது. உன் அப்பாவைப் பத்தின வரிக்கு உன்னைவிட நல்ல பதில் யார்கிட்டயும் இருந்திருக்க முடியாது' என்று முடிச்சேன். அனுப்பின பிறகு திக்திக்தான். திட்டு வருமா, இல்லை அழுகாச்சி வருமா?

ரெண்டு நாள் கழிச்சு மெசேஜ் வந்துச்சு. 'அண்ணா, நீங்க எழுதினதையும் அவன் வரியையும் அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன்.'

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. 'என்ன சொன்னாரு?'

'சிரிச்சாரு அண்ணா. அப்புறம், "நுரை இல்லாத டீயை எவன்டா காசு குடுத்துக் குடிப்பான்னு திருப்பிக் கேட்க வேண்டியதுதானே?"ன்னாரு.'

நான் உடனே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு வரி மட்டும் இருந்திருந்தா, பதிலடிக்கு ரெண்டு போட்ட இடத்தில் எட்டு போட்டிருப்பேன். 40-க்கு 38. அரை இறுதிக்குப் போயிருக்க வேண்டியது அவன்தான்! அதை அப்படியே அவனுக்கும் எழுதி அனுப்பினேன்.

'தெரியும்ணா, நானும் கூட்டிப் பார்த்துட்டேன். அடுத்த போட்டி எப்போ?' என்று பதில் வந்தது.