மணல்மேட்டில் பூத்த ஃபோக்

என் கணவருக்கு ராஜஸ்தானில் பிகானேருக்கு மாற்றல் என்றதும், "பாலைவனத்தில் போய் எப்படிடி குடித்தனம் பண்ணுவே?" என்று என் அம்மா ரொம்பக் கவலைப்பட்டார். எல்லாரும் வெயிலைத்தான் சொன்னார்களே தவிர, குளிரைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. ஜனவரியில் விடியற்காலை குழாயைத் திறந்தால் விரல் மரத்துப் போகும். ஹீட்டர் பழுதாகிப் போன ஒரு வாரம், தெருவில் வந்த விறகுக்காரரிடம் ஒரு மூட்டை வேர்க்கட்டை வாங்கினேன். பாம்பு மாதிரி நெளிந்த கட்டைகள், கனமோ கனம். கொல்லையில் கல் கூட்டித் தவலையை ஏற்றினால், நாலே கட்டையில் தண்ணீர் கொதித்துவிட்டது. தணல் மதியம் வரை அணையவில்லை. "நல்ல விறகு" என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு செய்தேன். எதனுடைய வேர் என்று கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் முதல் வாரம், எங்களுக்குப் பால் கொண்டுவரும் அம்மாள் தன் ஊருக்குக் கூப்பிட்டார். நான் அவரை மாஜி என்றுதான் அழைப்பேன். கோலாயத் போகும் சாலையில் பாதி தூரம் பஸ், அப்புறம் நடை. வழியெல்லாம் நம்ம ஊர் வன்னி மரம் (அங்கே கேஜ்ரி என்கிறார்கள்), எருக்கு. சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது! போகப் போக அவையும் குறைந்து, வெறும் மணல்மேடு. அதன் மேலேதான் ஃபோக் புதர் நின்றது.

ஆள் உயரம் இருக்கும். தூரத்தில் பார்த்தால் யாரோ பச்சைத் துடைப்பங்களைக் கொத்துக் கொத்தாக நட்டுவைத்தது போல. இலையே கண்ணில் படவில்லை. துளித் துளியாக வரும் இலையும் சீக்கிரமே உதிர்ந்துவிடுமாம். இலை செய்ய வேண்டிய வேலையைப் பச்சைக் குச்சிகளே செய்துகொள்கின்றன. அந்தக் குச்சிகளின் கணுவெல்லாம் பூ! சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. வெள்ளையில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும், நடுவே சிவந்த மகரந்தம். கிட்டே போனால் இனிய வாசனை, ஒரே தேனீச் சத்தம். பின்னால் வரும் காயைச் சுற்றிச் சிவப்பு மயிர் சிலிர்த்து நிற்கும். ரம்புட்டான் பழத்தைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி. காற்றில் உருண்டு போய் விதை பரவுகிறது.

சென்னையில் வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை. ஜெய்சால்மர் பக்கம் 200கூடக் கிடையாது. அந்த மணலில் இது எப்படிப் பிழைக்கிறது? மேடு நகர்ந்து வந்து மூடினால், மூடிய தண்டிலேயே வேர்விட்டு மேலே எழுந்துகொள்கிறது. பக்கவாட்டில் வேர் வெகுதூரம் ஓடி மணலைக் கட்டிப்பிடிக்கிறது.

ஒரு இடத்தில் காற்று மணலை அரித்து, வேர் வெளியே தெரிந்தது. பாம்பு மாதிரி நெளிந்த வேர். எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று குனிந்தேன்.

"இதைத்தான் மகளே, தோண்டித் தோண்டி மூட்டையா டவுனுக்குக் கொண்டு போறாங்க" என்றார் மாஜி.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஃபோக் கரிக்குச் சூடு அதிகம் என்று கொல்லர்கள்கூட விரும்பி வாங்குவார்களாம். இன்னொரு பக்கம், இந்திரா காந்தி கால்வாய் வந்த பிறகு டிராக்டர் வைத்து மேடுகளைச் சமன் செய்து வயலாக்கிவிட்டார்கள். அங்கேயும் புதர் போயிற்று. கால்வாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தண்ணீருக்குத் தவித்தவர்களைக் கேட்டால்தான் அதன் அருமை தெரியும். ஆனால் குளிக்க வெந்நீர் போட்ட என்னை என்ன சொல்ல?

மாஜி வீட்டின் பின்புறம் ஃபோக் அடர்ந்து நிற்கிறது. அந்தப் பக்கத்து மேடு அப்படியே நிற்கிறது. வாசல் பக்கம் புதரைத் தோண்டிவிட்டார்கள். மணல் சுவரில் பாதிவரை ஏறியிருந்தது. தினமும் காலையில் அள்ளிக் கொட்டிய பிறகுதான் அடுப்பு மூட்டுவாராம்.

செடிக்கடியில் உதிர்ந்த மொட்டுகளை, நாம் வேப்பம்பூ சேர்ப்பது போலப் பெருக்கி எடுத்துக் காயவைக்கிறார்கள். பெயர் ஃபோக்லா. உடம்புக்குக் குளிர்ச்சி என்கிறார்கள். ஒரு கைப்பிடியை வேகவைத்துப் பிழிந்து, கடைந்த தயிரில் போட்டு, உப்பு, வறுத்த சீரகப்பொடி, கொஞ்சம் மிளகாய்த்தூள் சேர்த்தால் பச்சடி. கம்பு ரொட்டியோடு இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். மாஜி ஒரு பொட்டலம் கட்டியும் கொடுத்தார்.

அந்தப் பொட்டலம் என் சமையலறையில் பாட்டிலில் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் அரை மூட்டை வேர்க்கட்டையும் இருக்கிறது. ஹீட்டரைச் சரிசெய்தாயிற்று. அந்தக் கட்டையை எரிக்கவும் மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.